சந்தனப் பொட்டும் சாளரமும்

கருவிகளைப் போற்றுதல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆயுத பூசை வந்துவிட்டால் மோட்டார் வண்டிக்கு மாலையென்ன, சந்தனமென்ன, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமென்ன! ஆயினும் போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் நாம், இவ்வுண்மையை ஒரு பிளாஸ்டிக் சாளரத்தினிடமிருந்து கற்றுக்கொள்ள நேர்ந்தது.

நமது தோட்டத்தில் கித்தான் கூரையிட்ட பழைய லாண்ட்ரோவர் ஒன்று உண்டு. 1948ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதல் உலகுக்குக் காட்டப்பட்ட இனத்தைச் சேர்ந்தது அது. அதன் பக்கங்களில் கழற்றி மாட்டத்தக்க சாளரங்கள் உள்ளன. அவற்றைக் கண்ணாடி என்றே அழைக்கிறோம். ஆனால் அவை கண்ணாடியல்ல. பண்டை மோட்டார்களில் அவ்விடத்தே அப்பிரகத் தகடும் பின்னர் செல்லுலாய்டும் இருந்தன. இன்று இருப்பது பி.வி.சி. இயல்பில் விறைப்பான அப்பொருளோடு எண்ணெய் போன்ற பதமூட்டியைக் கலந்து வளையச் செய்யும் வழியை 1926இல் கண்டவர் வால்டோ செமன் என்னும் அமெரிக்கர். அவர் வேலை பார்த்ததோ குட்ரிச் என்னும் ரப்பர்க் கம்பெனியில்! ரப்பர் மரத்தை நம்பி வளர்ந்த குடும்பங்களுக்கு இச்சாளரம் ஒருவகையில் உறவுதான்.

வண்டியின் இடப்பக்கச் சாளரம் மஞ்சளித்து, கீறல் விழுந்து, பனி படர்ந்தாற்போல் மங்கியிருந்தது. "கிராணி ஐயா, புதிது ஒன்று வாங்கிக் கொடுங்கள்" என்று வண்டியோட்டும் பெரியவர் இருமுறை கேட்டார். "அடுத்த மாதக் கணக்கில் பார்ப்போம், அண்ணே" என்று இருமுறையும் சொன்னவர் நாமே. ஆயுத பூசையன்று அதே சாளரத்தில் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டிட்டனர். பொட்டு காய்ந்தபின் உலர்ந்த துணியால் அழுந்தத் தேய்த்தெடுத்தனர்.

அதற்கடுத்த வாரம், விடியுமுன் மழை தூறிக்கொண்டிருந்த வேளையில், பெரட்டுக்களத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். லயங்களைத் தாண்டி வண்டி திரும்பிற்று. இடப்பக்கமிருந்து கைவிளக்குடன் வந்த அம்மாள் பெரியவர் கண்ணுக்கு ஆளாகத் தெரியவில்லை; மங்கிய ஒளித்திட்டாகவே தெரிந்தாள். அப்பக்கமே அமர்ந்திருந்த நமக்கும் தெரியவில்லை. கடைசிக் கணத்தில் பெரியவர் பிரேக்கை மிதித்தார். அம்மாள் தப்பினாள். அவளது தூக்குச்சட்டி சக்கரத்தடியில் நசுங்கிற்று. சோறும் குழம்பும் செம்மண்ணில் சிதறின. "சாமிதான் காப்பாற்றியது" என்று அவள் நடுங்கினாள். நாம் வாய் திறக்கவில்லை. அவளை அந்த இடருக்கு ஆளாக்கியது எது என்பது நமக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்தில் இருமுறை நாம் எழுதாது விட்ட ஒரு வரியே அது.

அந்த ஞாயிறே சாளரத்தைக் கழற்றிக்கொண்டு கிள்ளானில் கித்தான் தைக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பார்த்தார். "இந்தக் கீறல் உலர்ந்த துணியால் வந்தது. இந்த வெடிப்பு மடித்து வைத்ததால் வந்தது. இந்தக் கைத்தடம் கொசுமருந்து பூசிய கை" என்றார். கொசுவிரட்டித் தைலங்கள் பலவற்றிலுள்ள டீட் என்னும் பொருள் இவ்வகைப் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அக்கை நம்முடையது.

அவரிடம் கேட்டும், பின்னர் ஆங்கில நூல்களைப் படித்தும் தெளிந்தவற்றை ஈண்டுச் சொல்கிறோம். செம்மண் தூசியில் நுண்மணல் உண்டு. உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். முதலில் நீரை ஊற்றித் தூசியைப் போக்கி, பிறகு மெல்லிய சோப்பு நீரில் நனைத்த மென்துணியால் துடைத்தல் வேண்டும். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி மருந்து ஆகியவை ஆகா. நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் வாழும் நமக்கு வெயிலே பெரும்பகை. அது பதமூட்டியைச் சிறுகச் சிறுக வெளியேற்றிச் சாளரத்தை விறைக்கச் செய்யும். ஆதலால் வண்டியை நிழலில் நிறுத்துக. கழற்றிய சாளரத்தை மடியாது தட்டையாகக் கிடத்துக. இடமில்லையேல் தளரச் சுருட்டுக. ஈரத்தோடு வைத்தால் தையலில் பூஞ்சணம் பூக்கும். ஒன்றோடொன்று தொட்டால் வெக்கையில் ஒட்டிக்கொள்ளும். இடையே பழைய வேட்டித் துணியை விரிக்க வேண்டும். செய்தித்தாளை விரித்தால் மை ஏறிவிடும். இவ்விதழும் அதற்கு விலக்கன்று!

புதிய சாளரம் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் கடையொன்றில் ஒரு தூக்குச்சட்டி வாங்கி அம்மாளிடம் கொடுத்தோம். "இது எதற்கு, ஐயா? வண்டி ஓட்டியது நீங்கள் இல்லையே" என்றாள். பேனா ஓட்டியவர் நாமென்று அவளிடம் சொன்னோம். அவளுக்கு விளங்கிற்றோ என்னவோ, சட்டியை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப்பின் வந்த ஆயுத பூசையில், பொட்டிட விரும்பியோர் முன்மூடியில் இட்டனர். சாளரத்தைப் பெரியவர் நீரூற்றிக் கழுவி நிழலில் உலர்த்தினார். இன்றும் நாள்தோறும் அவ்வாறே செய்கிறார். தோட்டங்களில் கணக்கெழுதும் அன்பர்களே! பழுதான பொருளுக்கு மாற்று வேண்டுமென்று வண்டியோட்டுபவர் ஒருமுறை கேட்டாலே எழுதிவிடுங்கள். இரண்டாம் முறை அவர் கேட்பதற்குள், இருட்டில் யாரேனும் ஒரு தாய் தூக்குச்சட்டியுடன் வந்துகொண்டிருப்பாள்.