மண்ணின் பொறுமை

பூமிக்குப் பொறுமை அதிகம் என்று சொல்லிச் சொல்லியே அதன் தலையில் எதையும் கொட்டப் பழகிவிட்டோம். அந்தப் பொறுமைக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்துப் பெமிட்ஜி என்ற ஊரில் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

1979 ஆகஸ்ட் 20-ந் தேதி அவ்வூருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. கொட்டியது சுமார் 17 லட்சம் லிட்டர். இறைத்தார்கள், எரித்தார்கள், எண்ணெய் ஊறிய மண்ணை வாரினார்கள். அப்படியும் சுமார் 4 லட்சம் லிட்டர் பூமிக்குள் தங்கிவிட்டது. நிலத்தடி நீரின்மேல் அது பாலாடைபோல் மிதந்தது. அதிலிருந்து பென்சீன் முதலிய நஞ்சுகள் கரைந்து தண்ணீரோடு நடக்கத் தொடங்கின.

1983 முதல் விஞ்ஞானிகள் அங்கே குழாய் இறக்கிச் சோதித்து வருகிறார்கள். என்ன ஆச்சரியம்! தண்ணீர் போன தூரம் நஞ்சு போகவில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வழியிலேயே அதைத் தின்றுகொண்டிருந்தன. பிராணவாயு தீர்ந்த இடத்தில், மண்ணிலுள்ள இரும்புத் துருவைக் கொண்டே அவை சுவாசித்தன. படித்தபோது எனக்குக் கைகூப்பத் தோன்றியது. ஆனால் அந்த இரும்பும் செலவாகிறதாம். அது குறையக் குறைய நஞ்சு மெள்ள முன்னேறுகிறதாம்.

எங்கள் தெருக்கோடி மோட்டார் பட்டறைக்காரர் பழைய எண்ணெயை வேப்பமரத்தடியில் ஊற்றுவார். கேட்டால், "மண்ணு குடிச்சுடும், ஸார்!" என்பார். பொய்யில்லை, குடிக்கும். பெமிட்ஜி மண் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் குடிக்கிறது, இன்னும் முடிக்கவில்லை. அந்த வேப்பமரத்துக்கு முப்பதடி தள்ளித்தான் தெருவின் அடிபம்பு. அவர் வீட்டுக் குடமும் அங்கேதான் நிறைகிறது.