பெரிகோர் பிரதேசத்தில் ஒரு கோடை

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் பாரிஸ் நகரத்து உணவு விடுதிகளிற் பல கதவடைத்து, முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே விடுமுறையிற் போய்விடுவது இந்நாட்டு வழக்கம். அவ்விடுதிகளின் சமையற்கட்டுகளிலே பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, காய்கறி நறுக்கி, படிப்படியாக அடுப்பண்டைக்கு வந்து சேர்ந்த ஈழத் தமிழர் அநேகர். நானும் அவர்களில் ஒருவன். ஆயினும் எங்களவர்க்கு விடுமுறையென்பது லண்டனிலோ டொரொன்டோவிலோ நடக்கும் கலியாணத்துக்குச் செலவாவதாகவோ, வேறோரிடத்தில் மேலதிகமாக உழைத்து ஊருக்குப் பணம் அனுப்ப உதவுவதாகவோ இருந்ததேயன்றி, ஒரு காரியமுமின்றி ஓய்ந்திருப்பதற்குரிய காலமாக இருந்ததில்லை. 1936-இல் பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளர் நடத்திய மாபெரும் வேலைநிறுத்தங்களின் பயனாக, லெயோன் புளூம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசாங்கம் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கிற்று. 1982-இல் அது ஐந்து வாரமாயிற்று. பிறர் போராடிப் பெற்று நமக்கும் பங்களித்த ஓர் உரிமையை, உழைப்பின்மேலுள்ள பற்றினாலேயே நாம் கைவிட்டு விடுவது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிள்ளைகள் தலையெடுத்துத் தத்தம் வழியிற் சென்றபின், நானும் மனைவியும் காரில் 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கு நோக்கிப் பிரயாணம் செய்து, பெரிகோர் பிரதேசத்திலே சார்லா பட்டணத்துக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் கல்வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். அவ்விடத்தைத் தேர்ந்ததற்கு என் தொழிலே காரணம். வாத்தின் காலைக் கல்லுப்பிட்டு ஓரிரவு வைத்திருந்து, வாத்துக் கொழுப்பிலேயே மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவிட்டு, அதே கொழுப்பில் அமிழ்த்திச் சேமிக்கிற கோன்ஃபி என்னும் பதார்த்தம், குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் மாரிகாலத்துக்கென்று செய்து வைக்கப்பட்டது. அதனைப் பிறருக்காகத் தட்டிலிட்டு அனுப்பியே வருஷங்களைக் கழித்த எனக்கு, அது பிறந்த மண்ணில் மேசைக்கு இப்பாலமர்ந்து, மனைவியுடன் நிதானமாக உண்ணவேண்டும் என்னும் ஆசை நெடுநாள் இருந்தது.

சார்லாவின் சனிக்கிழமைச் சந்தை பிரசித்தமானது. 1962-இல், எழுத்தாளர் அந்திரே மல்ரோ கலாசார அமைச்சராயிருந்தபோது, பழைய நகர்ப்பகுதிகளை இடிக்காமல் புதுப்பித்துக் காப்பதற்கென்று இயற்றிய சட்டத்தின் பயனை முதன்முதல் பெற்ற ஊர்களில் இதுவும் ஒன்றாதலால், தேன்நிறச் சுண்ணாம்புக் கற்களாலான வீடுகள் முன்போலவே நிற்க, அவற்றின் நிழலில் ஆட்டுப்பால் கட்டியும் தக்காளியும் வெள்ளைப்பூண்டுச் சரங்களும் பரப்பி வைத்திருந்தார்கள். மெலன் பழம் விற்ற அம்மையார் ஒருவர், நாங்கள் பழத்தைத் தொடுமுன்பே, “இன்று மதியத்துக்கா, இரவுக்கா, நாளைக்கா?” என்று வினவினார். இரவுக்கு என்றோம். அவர் ஒவ்வொரு பழமாக எடுத்து, கையால் நிறை பார்த்து, அடிப்புறத்தை முகர்ந்து, காம்பைச் சுற்றி வெடித்திருக்கிற கோட்டைப் பெருவிரலால் தடவி, நான்காவதாக எடுத்த பழத்தைத் தந்தார். பின்னால் ஒரு கூட்டமே காத்திருந்தது, எவரும் முணுமுணுக்கவில்லை. இரவு அதை வெட்டியபோது, அந்த நேரத்துக்கென்றே பழுத்ததுபோல் இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் மனைவி சைவமாகையால், தக்காளியும் இலைக்கறியும் ரொட்டியும், அவற்றின்மேல் ஊற்றிய அக்ரூட் எண்ணெயுமே எங்கள் ஆகாரம். அவ்வெண்ணெய் பிழியும் ஆலையொன்றையும் போய்ப் பார்த்தோம். ஓடையின் நீர்விசையாற் சுழலும் கல்லுருளை பருப்பை அரைத்துக் களியாக்க, அதனை விறகடுப்பின்மேல் இரும்புச் சட்டியிற் கிளறிச் சூடேற்றி, துணியிற் பொதிந்து அழுத்துகிறார்கள். எங்கள் ஊர்ச் செக்கடியில் எள்ளுப் பிண்ணாக்கின் மணத்தில் நின்ற சிறுபிராயம் எனக்கு நினைவு வந்தது. மனைவியோ பிண்ணாக்குத் துண்டொன்றைக் கேட்டு வாங்கி ருசி பார்த்தாள்.

ஆதிமனிதரின் ஓவியங்களுள்ள லாஸ்கோ குகையை இங்கே ஒரு வார்த்தையிற் சொல்லிவிடுகிறேன். 1940-இற் சிறுவர்கள் கண்டுபிடித்த அக்குகை, பார்வையாளரின் மூச்சுக்காற்றினால் ஓவியங்கள் கெடுவது கண்டு 1963-இல் அடைக்கப்பட்டதனால், நாங்கள் கண்டு வியந்தது அதன் பிரதியையே.

கிராமங்களைப் பற்றியோ எவ்வளவும் எழுதலாம். விடுமுறை ஐந்து வாரமான அதே 1982-இல், கொலோஞ்-லா-ரூஜ் என்னும் செங்கல்நிறப் பாறையாலான ஊரின் மேயர், இரண்டாயிரம் பேருக்கு மேற்படாத அழகிய கிராமங்கள் பலவற்றை ஒரு சங்கமாகச் சேர்த்தார். அச்சங்கத்தைச் சேர்ந்த லா-ரோக்-கஜாக், தோர்தோன் நதிக்கும் செங்குத்தான பாறைக்கும் இடையே ஒடுங்கியிருக்கிறது. பாறை தெற்கு நோக்கி நிற்பதால் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, வடக்குக் காற்றையும் தடுத்துவிடுகிறது. அதனால் அதன் அடியிற் பனையினங்களும் மூங்கிலும் வாழையும் வளர்கின்றன.

“இஞ்சேருங்கோ, வாழை!” என்று மனைவி என் தோளைப் பற்றினாள். பிறகு அருகிற் சென்று இலையின் நடுநரம்பை விரலால் தடவிப் பார்த்து, “குலை போடுமோ தெரியேல்லை. ஆனா இலை நல்ல அகலம், நாலு பேருக்குச் சாப்பாடு போடலாம்” என்றாள். அவள் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியைப் பாரிஸிலே இத்தனை காலத்தில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். ஒரு தேசத்திற் குடியுரிமை பெற்று வரிகட்டி வாழ்வது வேறு, அத்தேசத்தின் ஒரு மரத்தடியில் அவசரமின்றி நிற்பது வேறு என்று எனக்குத் தோன்றிற்று.

பாரிஸ் திரும்புவதற்கு முந்திய இரவு, பண்ணை வீடொன்றில் விருந்துண்டோம். முதலில் வெள்ளைப்பூண்டு ரசம் போன்ற தூரான் வந்தது. பக்கத்து மேசை முதியவர் கிண்ணத்தில் மிஞ்சிய சிறிதில் செந்நிற வைனை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். ஷாப்ரோல் எனப்படும் இந்தப் பழக்கத்தை நானும் செய்து பார்த்தேன். அப்பால் கோன்ஃபி வந்தது. வாத்துக் கொழுப்பிற் பொரித்த உருளைக்கிழங்கும் கூட வந்தது. தோல் மொறுமொறுவென்றும் உள்ளே தசை எலும்பை விட்டுத் தானே கழன்றும் இருந்தது. சமைத்த மூதாட்டி வெளியே வந்தபோது, பாரிஸில் இதே வேலை செய்பவன் நான் என்று அறிவித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டமர்ந்து, எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஜாடியில் வைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வெந்த வாரத்திலேயே பரிமாறிவிடுகிறோம் என்றதும் தலையை அசைத்து, குறைந்தது ஒரு மாதமாவது கொழுப்பினுள் கிடந்தாலன்றி உப்பும் இறைச்சியும் ஒன்றாகக் கலவா என்றார். சூடாக்கும்போதும் தோற்புறத்தை அடியில் வைத்து, மூடாமல், சிறுதீயில் விட்டுவிட வேண்டும் என்று கையாலேயே செய்து காட்டினார். செப்டெம்பரில் விடுதி திறந்ததும் முதலாளியிடம் இதைச் சொன்னேன். ஜாடிகளுக்கு நிலவறையிலே ஒரு தட்டு ஒதுக்கித் தந்தார். இப்பொழுது ஒரு மாதம் வைத்தே பரிமாறுகிறோம்.