சலாம் சொன்ன அமெரிக்கா... இன்ஸ்டாகிராம் கேட்கும் அமெரிக்கா!

காரைக்காலில் அந்த வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சுதான். மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ் படிக்க இடம் கிடைத்துவிட்டது. சென்னையில் வியாழக்கிழமை விசா இன்டர்வியூ. அதற்குள் பூட்டி வைத்திருக்கும் இன்ஸ்டாகிராம் பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட வேண்டுமாம்.

"யாரு பாக்குறதுக்கு?" என்றார் வாப்பா.

"விசா குடுக்கறவங்க பாக்குறதுக்கு வாப்பா."

2025 மே கடைசியில், மாணவர் விசாவுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதை அமெரிக்கா உலகம் முழுக்க நிறுத்தியது. ஜூனில் மறுபடி தொடங்கியபோது சேர்ந்த நிபந்தனை இது. எந்த நாடு, எந்த மதம் என்றாலும் பொருந்தும். ஆனால் மகளின் பக்கத்தில் காஸா பற்றிப் பகிர்ந்த படங்கள் நாலைந்து இருக்கின்றன. "அழிச்சிடு புள்ளே" என்கிறார் உம்மா. அழித்தால், ஏன் அழித்தாய் என்று கேட்பார்களோ என்று மகளுக்குப் பயம்.

வாப்பாவுக்குச் சிரிப்புதான் வந்தது.

குவைத்தில் பத்து வருஷம் வீட்டு டிரைவராக இருந்தவர். கஃபீலின் பையன் காரில் ஏறியதும் வைக்கச் சொல்வது 'ரேடியோ சவா'. அரபியில் 'சவா' என்றால் 'சேர்ந்து'. ஓர் அரபுப் பாட்டு, ஓர் ஆங்கிலப் பாட்டு, நடுவில் கொஞ்சம் செய்தி. நடத்தியது அமெரிக்க அரசின் பணம். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, அரபு இளைஞர்களின் மனதைப் பிடிக்க 2002-ல் தொடங்கியது. பாட்டெல்லாம் அருமை. ஆனால் 2003-ல் அதே ரோட்டில் ஈராக் எல்லையை நோக்கி ராணுவ வண்டிகள் வரிசையாகப் போயின. மகள் பிறந்த சேதி அவருக்கு வந்ததும் அந்த வருஷம்தான்.

2004 பிப்ரவரியில் 'அல்ஹுர்ரா' டி.வி. வந்தது. 'சுதந்திரமானது' என்று அர்த்தம். இரண்டே மாதத்தில் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளியாயின. மே 5 அன்று அதே சேனலில் வந்து ஜார்ஜ் புஷ் விளக்கம் சொன்னார். அந்தப் பேட்டியில் மன்னிப்பு கேட்கவில்லை. மறுநாள் ஜோர்டான் மன்னர் பக்கத்தில் நின்றபோதுதான் வருந்தியதாகச் சொன்னார்.

2009 ஜூன் 4 மட்டும் வாப்பாவுக்கு இன்னும் பிடிக்கும். கெய்ரோவில் ஒபாமா, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றபோது, ரூமில் இருந்த எட்டுப் பேரும் பதில் சலாம் சொன்னார்களாம், டி.வி-யைப் பார்த்து!

ஊர் திரும்பியபின், 2012 செப்டம்பரில், நபிகளை இழிவுபடுத்திய ஒரு வீடியோவுக்காகச் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் கல் விழுந்ததை அவர் டி.வி-யில் பார்த்தார். கல்லெறிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரமே, வீடியோவைத் தாங்கள் ஏற்கவில்லை என்று சொல்ல, பாகிஸ்தான் சேனல்களில் விளம்பரத்துக்கு அமெரிக்கா சுமார் 70,000 டாலர் செலவழித்தது. அவ்வளவு தூரம் காது கொடுக்கச் சொல்லிக் கெஞ்சிய காலம் அது.

காரைக்காலுக்கு இதெல்லாம் கொஞ்சம் விசித்திரம்தான். 1954-ல் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். சொல்தா வீடுகளுக்கு பிரான்ஸ் பென்ஷன் மட்டும் நிற்கவில்லை. இந்த ஊரில் பிரான்ஸுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது ரேடியோ இல்லை, அந்த பென்ஷன்தான்.

அல்ஹுர்ரா ஒளிபரப்பு 2025 ஏப்ரலில் நின்றது. அமெரிக்க அரசு பணத்தை நிறுத்திவிட்டது. பெரும்பாலான ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். மாணவர் விசா விதி வந்தது இரண்டு மாதம் கழித்து.

"அப்ப அவங்க பேசுனாங்க, நான் கேட்டேன். இப்ப நீ பேசுனதை அவங்க கேக்குறாங்களாக்கும்" என்று வாப்பா போனை வாங்கிப் பார்த்தார். நாகூர் கந்தூரிப் படம், அரசலாற்றுப் பாலம், தோழியின் நிக்காஹ். பிறகு காஸா. இடிந்த வீட்டு வாசலில் ஒரு குழந்தை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது இருக்கட்டும்."

உம்மா எதுவும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். மகள் செட்டிங்ஸைத் திறந்து 'பிரைவேட்' பட்டனை அணைத்தாள். புதன்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு ஏற்கெனவே இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது.