ஏழரை அடி வளையம்

அந்த ராஜ்தூத் எங்களுக்கு எடைக்குக் கிடைத்தது. நாலு பேர் சென்ட்ரிங் கூலியைச் சேர்த்துப் பழைய இரும்புக்கடையில் வாங்கினோம். செயின் இல்லை, சீட் இல்லை. 175 சிசி எஞ்சின் மட்டும் உசுரோட கிடந்தது. டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊத்தணும். அளவு குறைஞ்சா பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். டவுன் ஒர்க்ஷாப்பில் எடுபிடியாக இருந்த ஒருத்தன் அதை ஓட வைத்தான்.

ஓடியது. ஓட்டத்தான் வழியில்லை. காலனியிலிருந்து தார்ரோட்டுக்குப் போக ஊர் மந்தையைக் கடக்கணும். எங்க அப்பாமார் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டின இடம் அது. நாங்க எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டினோம். பெரியவர்களுக்குப் பயம். கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் புகுந்து, நம்ம ஆளுக சம்பாதித்து வாங்கி வைத்திருந்த பொருளையெல்லாம் தேடித்தேடி நொறுக்கிய செய்தி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பொருள் வச்சிருக்கிறதே குத்தம்னு புரிஞ்ச காலம்.

அதனால் வறண்ட கண்மாய்க்குள் ஓட்டினோம். மதுரைப் பொருட்காட்சியில் மரணக்கிணறு பார்த்துவிட்டு வந்த கிறுக்கு வேற. 1996 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நெருப்பு வளையத்துக்குள் வண்டி பாயணும் என்று முடிவு.

மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை அஞ்சடி அகலம்தான். ஆள் குனிந்தாலும் தலை இடிக்கும். ஒரு பட்டையோடு இன்னொன்றில் பாதியை வெட்டிச் சேர்த்து வெல்டிங் வைத்தோம். ஏழரை அடி வந்தது. "ஏழரையா? வெளங்கிரும்" என்றார் வெல்டிங் வைத்த அண்ணன். சனியாவது கினியாவது! சென்ட்ரிங் பலகையைப் பனஞ்சட்டத்தில் அறைந்து சாய்வு மேடை. நீளம் பன்னிரண்டு அடி, உயரம் ரெண்டரை. வளையத்தின் அடிவிளிம்பு மேடை உச்சிக்கு ஒரு அடி கீழே நிற்கிற மாதிரி ரெண்டு கம்பத்தில் கட்டினோம். அந்தப் பக்கம் மணலைக் குவித்து வைக்கோல் பரப்பினோம். நெருப்பில்லாமல் எத்தனை தடவை தாண்டினோம் என்பதற்குக் கணக்கில்லை. வேகம் குறைந்தால் முன்சக்கரம் முதலில் குத்தும், ஹேண்டில் நெஞ்சில் இடிக்கும். அதை உடம்பால்தான் படிச்சோம்.

அன்றைக்கு ராத்திரி சாக்கைச் சுற்றி ரேஷன் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம். டாங்கில் கால் லிட்டர் விட்டு மிச்சத்தை வடித்துவிட்டோம். ஓட்டினவன் ஈரச்சாக்கைப் போர்த்தியிருந்தான். சைலன்சரைக் கழற்றியிருந்ததால் சத்தம் ஊருக்கே கேட்டது. ஊர்ப் பையன்களும் கரைமேல் வந்து நின்றார்கள். வளையத்துக்குள் அவன் இருந்தது கண்மூடித் திறக்கிற நேரம்தான். மணலில் விழவில்லை, நின்றான். பறை அடங்க ரொம்ப நேரமானது.

எங்க அப்பத்தா வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏன்டா, தீக்குள்ள போற வண்டி மந்தைக்குள்ள போகாதா?"

மறுநாள் காலையில் நாலு பேரும் அதே வண்டியில் ஏறி, எஞ்சினை அணைக்காமல் மந்தை வழியாகப் போனோம். திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்று ஒரு தலித் கல்லூரி மாணவன் கையை வெட்டிய செய்தியைப் படித்தபோது அந்தத் திண்ணை முகங்கள்தான் கண்ணில் வந்தன. அப்போது முப்பது வருஷம் ஆகவிருந்தது.

மூணாம் நாள் பெட்ரோல் டாங்கில் மண் கிடந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ ஒரு பகல் பிடித்தது. சாயங்காலம் மறுபடியும் அந்த வழியாகவே போனோம்.