பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்!

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டைகள் அடுக்கிய ஒரு வீடு. ஏலத்தில் விலை இறங்கிவிட்டதாக செல்போனில் தகவல் மேல் தகவல். வட்டிக்குக் கொடுத்தவரோ, ''வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வரணும். இல்லேன்னா ஊரே பார்க்க வாசல்ல வந்து நிப்பேன்'' என்று சொல்லியிருந்தார்.

அந்த விவசாயி நிலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு கடனை அடைக்க, அதைவிடப் பெரிய இடத்தில் இன்னொரு கடன்.

மனைவி வழிமறித்தார். ''ஏனுங்க, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆகாஸ் ராஜா கதை கேட்டமே, மறந்துட்டீங்களா?''

கி.மு. 8-ம் நூற்றாண்டுக் கதை அது. யூதாவை ஆண்ட ஆகாஸ் மீது, சீரியாவும் இஸ்ரவேலும் சேர்ந்து படையெடுத்தன. ராஜாவும் நடுங்கினார், ஜனங்களும் நடுங்கினார்கள். அப்போது ஏசாயா தீர்க்கதரிசி சொன்னது இதுதான்: ஊர் பயப்படுவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், கடவுள் ஒருவருக்கு மட்டும் பயந்தால் போதும்.

ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் அசீரிய ராஜாவுக்கு அனுப்பி, உதவி கேட்டார். அசீரியா வந்தது. கி.மு. 732-ல் சீரியாவின் தமஸ்கு விழுந்தது. ஆனால், யூதா கப்பம் கட்டும் நாடாகிவிட்டது. ஆகாஸின் மகன் எசேக்கியா காலத்தில், கி.மு. 701-ல், அதே அசீரியப் படை யூதாவின் ஊர்களைப் பிடித்து எருசலேம் வரை வந்தது. இரண்டு பேருக்குப் பயந்தவர், மூன்றாமவரிடம் நாட்டையே அடகு வைத்துவிட்டார்.

கடவுளுக்குப் பயந்தவர்களுக்கு ஆபத்தே வராது என்றும் சொல்லிவிட முடியாது. குமரி மாவட்டம் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம், திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்தவர். 1745-ல் கிறிஸ்தவரானார். சிறையில் அடைத்தும் அவர் விசுவாசத்தை விடவில்லை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார் போப் பிரான்சிஸ். உயிர் போனது, ஆனால், எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்பதை மிரட்டியவர்கள் முடிவு செய்ய அவர் விடவில்லை.

''வாசல்ல வந்து நின்னா நிக்கட்டுங்க. பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்'' என்றார் மனைவி.

பாதி மூட்டைகளை அன்றைய விலைக்கே ஏலத்தில் விற்றார்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல், இருவருமே வட்டிக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் நன்றாகத் திட்டினார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்.

கடன் இன்னும் தீரவில்லை. அன்று இரவு, அந்த விவசாயி பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார்.