நிலை வட்டா, வளர் வட்டா?

ஸ்ரீ சிட்டி ஐ.ஐ.ஐ.டி. விடுதியில் என் மடிக்கணினிக்கு 256 ஜி.பி.தான் சொத்து. அதில் மூன்று மெய்நிகர்க் கணினிகள் குடியேற வேண்டும். ஒவ்வொன்றும் 100 ஜி.பி. கேட்கிறது.

ஃபிக்ஸட் என்னும் நிலை வட்டு கேட்ட இடத்தை அன்றே முழுதும் எடுத்துக்கொள்ளும், மூன்றாமவருக்கு இடமிராது. டைனமிக் என்னும் வளர் வட்டோ எழுத எழுதப் பெருகும். விர்ச்சுவல்பாக்ஸ் முதலில் நீட்டுவதும் இதையே. ஆனால் உள்ளே கோப்பை அழித்தாலும் வெளியே தானாக இளைக்காது. தாய்க்கணினியில் இடம் தீர்ந்தால், ஓடும் கணினி நடுவழியில் நின்றுவிடும்.

இறுதியாண்டு ஆய்வின் தரவெல்லாம் அங்கிருக்க, இதற்கு நான் உடன்படேன். ஆகவே தரவுத்தளத்திற்கு 60 ஜி.பி. அளவில் நிலை வட்டு. பழகிப் பார்க்கும் இரண்டிற்கும் வளர் வட்டு. நின்றால் அவை நிற்கட்டும்! ஸ்னாப்ஷாட் எடுத்தால் நிலை வட்டின்மேலும் வளர் வட்டு ஒன்று முளைத்துவிடுமாதலின், தரவுக் கணினிக்கு அதையும் எடுப்பதில்லை. படியை வெளி வட்டில் வைக்கிறேன்.