ஆட்டம் கண்ட மூட்டு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நவம்பர் 2ஆம் நாள் மாலை. இறந்தோர் அனைவரின் நினைவு நாளாகையால், கல்லறைத் தோட்டத்தை மந்திரித்துக்கொண்டே வந்தேன். மெழுகுதிரியும் செவ்வந்திப் பூவுமாக மக்கள் தத்தம் குடும்பத்தாரின் கல்லறைகளருகே நின்றிருந்தனர். ஒரு மூதாட்டி மட்டும் இரண்டு மண்மேடுகளுக்கு நடுவே, ஏற்றாத திரியோடு திகைத்து நின்றார்.

"என்னம்மா?" என்றேன்.

"இதுவா, அதுவான்னு தெரியலையே, சாமி."

அவருடைய கணவருக்காக நட்ட மரச்சிலுவையில் பெயிண்டால் எழுதிய பெயரை இரண்டு மழைக்காலங்கள் கழுவிவிட்டிருந்தன. உபதேசியார் நினைவிலிருந்து இடத்தைக் காட்டினார், திரி ஏற்றப்பட்டது. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வசதியுள்ளவர்க்குக் கருங்கல்லில் பெயர். இல்லாதவர்க்கு இரண்டு மழை வரைதான் பெயர் என்பது என் மனத்தை அறுத்தது.

நகரத்தில் இன்று கணிப்பொறியால் இயங்கும் பொறிகள் நொடியில் கல்லில் எழுதிவிடுகின்றன. அதற்கான கூலியும் கல்லின் விலையும் எம் பங்கு மக்களுக்கு எட்டாதவை. என்ன செய்யலாம் என்று எண்ணியபோது, குருமடத்தில் படித்த ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றின் கரும்புள்ளிகளைப் பற்றிக் கலிலேயோவோடு வாதிட்ட கிறிஸ்தோப் ஷைனர் என்ற இயேசு சபைத் துறவி, 1603ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் டில்லிங்கன் நகரில் 'பாண்டோகிராஃப்' என்னும் வரைகருவியை அமைத்தார். அதை விளக்கி 1631இல் நூலும் வெளியிட்டார். ஒரு படத்தின் மீது ஊசியை ஓட்டினால், வேறோரிடத்தில் அதே படத்தைச் சிறிதாகவோ பெரிதாகவோ வரைந்து தரும் கருவி அது. பிற்காலத்தில் எழுத்துப் பொறிக்கும் பட்டறைகள் பல இதே அமைப்பைக் கையாண்டன.

அதன் இரகசியம் எளிது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு பட்டைகளை ஒரு முனையில் இணைக்க வேண்டும். அவற்றின் நடுப்புள்ளிகளிலிருந்து 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இரு பட்டைகள் புறப்பட்டு ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். ஒரு நெடும்பட்டையின் மறுமுனையை மேசையில் ஊன்றி, மற்றதன் மறுமுனையில் ஊசியைப் பொருத்தினால், குறும்பட்டைகள் சந்திக்கும் இடம் எப்போதும் அவ்விரண்டுக்கும் நடுவிலேயே நிற்கும். அங்கே வெட்டும் முனையை வைத்தால், ஊசி வரைவதில் சரிபாதி அளவுள்ள எழுத்து கிடைக்கும். கை நடுங்கினாலும் அந்த நடுக்கமும் பாதியாகிவிடும்!

இரும்புக்கடையில் அலுமினியப் பட்டை, 6 மில்லிமீட்டர் போல்ட்டு, நட்டு, வாசர் ஆகியவற்றை வாங்கினேன். வைரத்துகள் பதித்த முனை, ஒரு சிறு மோட்டார், அதிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் வளையும் தண்டு ஆகியனவும் அங்கேயே கிடைத்தன. கல்தூசி நுரையீரலுக்கு நஞ்சாதலால், வெட்டுமிடத்தில் நீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீரும் மின்சாரமும் சேரக் கூடாதாகையால் மோட்டாரை உயரே தொங்கவிட்டேன். சமையல் மேடைக்கு அறுத்தபின் எஞ்சிய கருங்கல் துண்டுகளை ஒரு கடைக்காரர் மலிவாகத் தந்தார்.

எனக்கு உதவியாக ஓர் இளைஞன் வந்தான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஊரில் 'எதற்கும் உதவாதவன்' என்று பெயர் வாங்கியவன். எழுத்தை மட்டும் அழகாக எழுதுவான். அவன் தாளில் 8 சென்டிமீட்டர் உயரத்தில் எழுதி, அதன்மேல் ஊசியை ஓட்ட, கல்லில் 4 சென்டிமீட்டரில் எழுத்து விழுந்தது. விழுந்தது என்றேனே தவிர, சரியாக விழவில்லை. 'ண'கரத்தின் சுழிகள் முடவாயின. 'ழ'கரத்தின் கால் ஒடிந்து நின்றது. மூன்று கற்கள் பாழாயின. நான்காவது கல்லும் கெட்டபோது, பார்த்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர் முன்னிலையில், "உன் கையில் நிதானமே இல்லை" என்று கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வரவுமில்லை.

ஒரு வாரம் சென்றபின், நானே ஊசியைப் பிடித்தேன். என் எழுத்தும் கெட்டது. இரண்டு கற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. கை நடுங்கியிருந்தால் பிழை இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்திருக்கும். ஆனால் அவன் கல்லிலும் என் கல்லிலும் பிழை ஒரே இடங்களில், அதாவது கோடு திரும்பும் வளைவுகளில் எல்லாம் விழுந்திருந்தது. நேர்கோட்டில் மறைந்திருந்து திரும்புகையில் வெளிப்படும் குற்றம், மூட்டின் குற்றமன்றோ! நம் தமிழ் எழுத்தோ வளைவுக்கு மேல் வளைவு.

பட்டைகளைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் ஆட்டிப் பார்த்துச் சிரித்தார். "6 மில்லி போல்ட்டுக்கு ஆறரை மில்லி துளை போட்டிருக்கீங்க, சாமி. அதோட மரை இருக்கிற இடத்துலயே பட்டை சுத்துது. தேய்மானம் வராம என்ன செய்யும்?" என்றார். துளை போட்டவன் நான்; போல்ட்டைத் தேர்ந்தவனும் நானே. அவர் ஐந்து மூட்டுகளுக்கும் பித்தளை புஷ் கடைந்து, மரையில்லாத வழுவழுப்பான தண்டுள்ள போல்ட்டுகளைப் பொருத்தித் தந்தார்.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். அவனைக் கடிந்தது பலர் முன்னிலையில், ஆகவே அவன் தாயும் தமக்கையரும் இருக்கும்போதே சொன்னேன்: "தம்பி, தவறு உன் கையில் இல்லை. நான் போட்ட துளையில்தான். என்னை மன்னித்துவிடு." அவன் தலைகுனிந்து நின்றான். அவன் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலைப் பூசை முடியுமுன்பே அவன் பட்டறை வாசலில் காத்திருந்தான்.

அடுத்த நவம்பருக்குள் 14 பெயர்களைப் பொறித்து முடித்தோம். அந்த மூதாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரின் பெயர் பதித்த கல்லருகே அமர்ந்து, எழுத்தின் பள்ளத்தில் விரலை ஓட்டினார். "முதல் எழுத்து எது, சாமி?" என்று கேட்டார். காட்டினேன். மீண்டும் அங்கிருந்தே தொடங்கினார்.

பெற்றோரே, ஆசிரியர்களே, உங்களோடு சேர்த்து எனக்கும் சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளின் கையில் நடுக்கம் இருக்கத்தான் செய்யும்; அது நாளடைவில் குறையும். நாம் போட்ட துளையின் ஆட்டமோ தானாகக் குறைவதில்லை. ஒரே பிழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுமானால், பிள்ளையைக் கடியுமுன் மூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்ப்போம்.

பாழாய்ப்போன நான்காவது கல்லை நான் எறிந்துவிடவில்லை. என் மேசைமேல் தாள்கள் பறவாதிருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். யாரையேனும் கடிந்துகொள்ள வாயெடுக்கும்போது, ஒடிந்த 'ழ'கரம் கண்ணில் படுகிறது.